கேளுங்கள், சொல்கிறேன்: அட்டவணை போட்டும் படிப்பு ஓடவில்லையே!

இந்த முறை வந்த கடிதங்களில் கல்லூரி மாணவர்களுடையவைதான் அதிகம், அதிலும் பெரும்பாலும் ஒரே புலம்பல் என்பதால் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்திலும் புது நோட்டு, கலர் பேனா, சுவரில் அட்டவணை என்று அமர்க்களமாகத் தொடங்குகிறேன். மூன்றாவது வாரத்தில் அட்டவணை சுவரில் மட்டும்தான் இருக்கிறது. ஊக்கமூட்டும் வீடியோ பார்த்தால் ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் பழையபடிதான். மோட்டிவேஷனைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி?
— இரண்டாம் ஆண்டு மாணவி

தக்கவைக்க முடியாது. அது வரும், போகும், அதை நம்பி ஒரு செமஸ்டரை நடத்த முடியாது.

உங்கள் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. அதில் 'மாலை 6 முதல் 8 வரை: புள்ளியியல்' என்று இருக்கிறது. சரி, 6 மணிக்கு உட்கார்ந்தாயிற்று. புள்ளியியலில் என்ன? எந்த அத்தியாயம், வாசிப்பதா, கணக்குப் போடுவதா, போன வாரம் விட்ட வகுப்பின் குறிப்பைத் தோழியிடம் வாங்குவதா? இதை முடிவு செய்யவே கொஞ்சம் தெம்பு வேண்டும், பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு அந்த நேரத்தில் அது இருக்காது, அதனால் கை தானாகப் போனுக்குப் போகிறது, ஒரு மணி நேரம் கழித்து 'எனக்கு ஊக்கமே இல்லை' என்று தோன்றுகிறது. எனக்கு வரும் இந்த வகைக் கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், ஊக்கம் போதவில்லை என்று எழுதுகிற பலரிடம் உண்மையில் குறைவது அடுத்த வேலை என்ன என்கிற தெளிவு.

அதனால் 'புள்ளியியல்' என்பதை அடித்துவிட்டு, 'மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் உள்ள முதல் நான்கு கணக்குகள், நூலகத்தில், கடைசி வகுப்பு முடிந்ததும்' என்று எழுதிப் பாருங்கள். எழுத வேண்டிய நேரம் காலையில் அல்ல, முந்தைய நாள் புத்தகத்தை மூடும்போது, ஏனென்றால் எங்கே நிறுத்தினோம், அடுத்து எது கடிக்கும் என்பது அப்போதுதான் நன்றாகத் தெரியும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1997-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும் அதை எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். குறித்துக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் சொன்ன காலத்துக்குள் எழுதினார்கள், மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். அறிக்கை எழுத வேண்டும் என்ற எண்ணம் இரண்டு தரப்புக்கும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் அந்த மூன்றாவது வாரம். '21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று எங்கோ கேட்டிருப்பீர்கள், 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்ததும் நமக்கு இது வராது என்று விட்டிருப்பீர்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்கச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சராசரிதான், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று. உங்களுக்கு இன்னும் பயன்படும் செய்தி ஒன்றும் அதில் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் தவறியதும் அட்டவணையையே கைவிடுவதுதான் நிஜமான சேதம்.

உங்கள் அட்டவணையில் காலி இடமே இல்லை, ஞாயிறு மாலைகூட நிரப்பியிருக்கிறீர்கள். இப்படி இருந்தால் ஒரு காய்ச்சல், ஒரு நண்பரின் பிறந்தநாள் வந்தாலே எல்லாம் சரியும். வாரத்தில் ஒரு மாலையையாவது எதுவும் எழுதாமல் விடுங்கள். விட்டுப்போனவை அங்கே போய் உட்காரும், எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் அந்த மாலை உங்களுடையது. வீடியோக்களைப் பற்றி ஒரே வார்த்தை: அவை படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியைப் படிக்காமலே கொடுத்துவிடுகின்றன. வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டைரியில் எழுதுவது நல்லதா, ஆப்பில் போடுவது நல்லதா?
— முதலாமாண்டு மாணவர்

எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இப்போது உங்கள் அசைன்மென்ட் தேதி ஒன்று வாட்ஸ்அப் குழுவில், இன்னொன்று மின்னஞ்சலில், மற்றொன்று நோட்டின் பின் அட்டையில், மீதி எல்லாம் தலையில் என்று கிடக்கும். தலையில் இருப்பதுதான் தொல்லை. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதைப் பற்றி உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927-இலேயே எழுதினார். பின்னர் 2011-இல் வந்த ஓர் ஆய்வு அதில் நல்ல செய்தி ஒன்றைச் சேர்த்தது: வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்படி எப்போது முடிப்போம் என்று குறிப்பாகத் திட்டமிட்டாலே அந்த அரிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

செமஸ்டரின் முதல் வாரத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள். எல்லாப் பாடங்களின் தேர்வு, அசைன்மென்ட், லேப் தேதிகளையும் ஒரே தாளில், வாரம் வாரமாக எழுதுங்கள். எந்த வாரத்தில் நான்கு வேலைகள் ஒன்றாக வந்து மோதப் போகின்றன என்பது அப்போதே தெரியும், அவற்றில் ஒன்றையாவது முன்னால் இழுத்துவிடலாம். மற்றபடி, எந்த ஆப் சிறந்தது என்று தேடுவதே ஒரு பொழுதுபோக்காக மாறிவிடும், ஜாக்கிரதை.

நான் சோம்பேறி இல்லை. தினமும் மூன்று நான்கு மணி நேரம் படிக்கிறேன், முக்கிய வரிகளை ஹைலைட்டரால் குறிக்கிறேன், திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். ஆனால் தேர்வில் மறந்துவிடுகிறது. இவ்வளவு படித்தும் இப்படி என்றால் எதற்குப் படிக்க வேண்டும் என்று வெறுத்துப்போகிறது.
— மூன்றாம் ஆண்டு மாணவி

வெறுத்துப்போவது நியாயம்தான். உழைப்பு சரி, போட்ட இடம் தவறு, அதை மாற்றலாம்.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு தரப்பை அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், மற்றவர்களைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்கள் நன்றாகவே முந்தியிருந்தார்கள். உங்களுக்கு நடப்பது இதேதான். இரவு வாசித்து முடிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, தேர்வு நாளில் ஆளைக் காணோம். கண்ணுக்குப் பழகிப்போவதை நாம் கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஹைலைட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாணவர்கள் பயன்படுத்தும் 10 படிப்பு முறைகளை ஜான் டன்லோஸ்கி தலைமையிலான குழு 2013-இல் அலசியது. வரிகளுக்கு வண்ணம் பூசுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்ற பட்டியலில் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது, இந்த இரண்டு மட்டும்தான் உயர்ந்த பயனுள்ளவை என்ற இடத்தைப் பிடித்தன.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஒரு பகுதியை ஒருமுறை வாசியுங்கள். புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள், படம் இருந்தால் படமும் போடுங்கள். பாதிகூட வராது, 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே' என்று வயிற்றைக் கலக்கும், அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் பதிகிறது, அதனால் உடனே புத்தகத்தைத் திறந்துவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் முட்டி மோதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்த்து எழுதுங்கள் (கலர் பேனாக்களுக்கு இங்கே வேலை உண்டு). அந்த இரண்டாவது நிறம்தான் அடுத்த முறை நீங்கள் படிக்க வேண்டிய பகுதி, முழு அத்தியாயமும் வேண்டாம். இதையே இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த முயற்சியில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதனை எலியாக்கி எழுதி வைத்துவிட்டார்.

மொத்த நேரம் இப்போதைவிடக் குறைந்தாலும் குறையும். நாலு மணி நேரம் உட்கார்ந்தேன் என்ற பெருமை போய்விடும், அது பரவாயில்லை.

எனக்குக் கடைசி நேர அழுத்தம் இருந்தால்தான் வேலை ஓடும். அசைன்மென்ட் எல்லாம் முந்தைய இரவுதான். எப்படியும் முடித்துவிடுகிறேன், இதில் என்ன தவறு?
— பொறியியல் மாணவர்

இரண்டு பக்க அசைன்மென்டுக்கு ஒரு தவறும் இல்லை. ஆனால் கடைசி ஆண்டு புராஜெக்டையும் இப்படித்தான் செய்வேன் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். கனடாவில் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இளங்கலை ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், அதற்குக் கிட்டத்தட்ட 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55-க்கும் மேல். மோசமான கணிப்பைவிடவும் நிஜம் மோசமாக இருந்தது! எனவே உங்கள் கணக்கு எத்தனை நாள் சொல்கிறதோ, அதோடு பாதியை இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்தில்தான் நன்றாக வருகிறது என்று எப்படித் தெரியும்? அழுத்தம் இல்லாமல் செய்துபார்த்து ஒப்பிட்டதே இல்லையே. தள்ளிப்போடுவதை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்க்காமல் மனநிலை சம்பந்தப்பட்டதாகப் பார்க்கிறார்கள் டிம் பிச்சில், ஃபூஷியா சிரோயிஸ் போன்ற ஆய்வாளர்கள். வேலையைத் தொட்டாலே வரும் பயமோ சலிப்போ பிடிக்காமல் அதிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கிறோம், கடைசி இரவில் நேரம் போதாதே என்ற பெரிய பயம் வந்து அந்தச் சின்ன பயத்தை அமுக்கிவிடுகிறது, அதைத்தான் 'அழுத்தத்தில் நன்றாக ஓடுகிறது' என்கிறோம். என் யோசனை, தலைப்பு கொடுத்த அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு கேவலமான முதல் வரைவை எழுதிவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், தலைப்பும் நாலு உடைந்த வாக்கியங்களும் இருந்தால் போதும். காலியான பக்கத்தைப் பார்த்துத்தான் ஓடத் தோன்றும், மோசமான பக்கத்தைப் பார்த்தால் திருத்தத்தான் தோன்றும்.

போன்?
— பெயர், விவரம் எதுவும் எழுதாதவர்

வேறு அறையில். மேசையில் கவிழ்த்து வைப்பது, சைலன்ட்டில் போடுவது எல்லாம் பேரம் பேசுகிற வேலை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் எழுதினார். ஒரு மெசேஜ் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும், திரும்பிப் பாடத்துக்கு வர அதைவிட அதிகம் ஆகும். முழுதாக ஒரு மணி நேரம் விட்டிருக்க முடியவில்லை என்றால் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைப் பிடியுங்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் கல்லூரியில் படிக்கும்போது சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவ டைமரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது, அதனால்தான் அந்தப் பெயர். அந்த டைமரைப் போனில் வைத்துவிடாதீர்கள்.

இரண்டு மாதமாக வகுப்புக்கே ஒழுங்காகப் போகவில்லை. ஐந்து பாடத்திலும் பின்தங்கிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நினைத்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.
— இரண்டாம் ஆண்டு மாணவர்

முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் ஒன்றாம் அத்தியாயத்தில் நிற்கும்போது வகுப்பு ஐந்துக்குப் போயிருக்கும், நீங்கள் மூன்றுக்கு வரும்போது அது ஏழில் இருக்கும், கடைசிவரை பிடிக்கவே முடியாது. நாளைய வகுப்புக்குப் போங்கள். புரியாது, பரவாயில்லை. புரியாத சொற்களை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொண்டு வாருங்கள், பழைய பாடத்தில் எந்தெந்த இடங்கள் உடனே வேண்டும் என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

ஐந்து பாடமும் ஒரே மாதிரி இல்லை. கணிதம், புரோகிராமிங் போன்றவற்றில் அடித்தளம் இல்லாமல் மேலே ஏற முடியாது, அவற்றுக்கு இன்றே நேரம் ஒதுக்க வேண்டும். விளக்கமாக எழுதும் பாடங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு அலகும் தனித்தனியாக நிற்கும், இடையில் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். எதற்கு எத்தனை மதிப்பெண், எந்தத் தேதி, தேற எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினால், இப்போது ஒரு பெரிய கரிய மேகமாகத் தெரிவது ஐந்து தனித்தனி பிரச்சினைகளாகப் பிரியும். அவற்றில் ஒன்றை இந்த முறை விட்டுவிட்டு அடுத்த முறை எழுதுவதுதான் புத்திசாலித்தனம் என்றுகூட முடிவாகலாம். உங்கள் கல்லூரி விதி அதற்கு இடம் தருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். 'சார், ஒண்ணுமே புரியல' என்று போகாமல், 'இவ்வளவு விட்டுட்டேன் சார், அடுத்த மூணு வாரத்துல முதல்ல எதைப் பிடிக்கணும்?' என்று போங்கள். திட்டினால் இரண்டு நிமிடம் திட்டுவார், அதன்பிறகு பெரும்பாலும் உருப்படியாக ஏதாவது சொல்வார்.

இன்னொன்று, உங்களை நீங்களே திட்டிக்கொண்டது போதும். முதலாமாண்டு மாணவர்கள் 119 பேரை வைத்து 2010-இல் வந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். குற்ற உணர்ச்சி படிக்க வைக்கும் என்று நினைக்கிறோம், அது போர்வையைத்தான் இழுக்க வைக்கிறது.

வீட்டில் சொன்னார்கள் என்று சேர்ந்தேன். இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. பிடிக்காததில் எப்படி ஊக்கத்தோடு இருப்பது?
— முதலாமாண்டு மாணவி

பிடிக்காதது படிப்பா, பின்தங்கியிருப்பதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். புரியாத எதுவும் யாருக்கும் பிடிக்காது. ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து நான்கு வாரம் விடாமல் கூடவே போய்ப் பாருங்கள், அதன்பிறகும் கசந்தால் அது நிஜக் கசப்பு. அப்போது துறை மாறுவது பற்றி வீட்டில் பேசுங்கள், மூன்றாம் ஆண்டைவிட முதலாம் ஆண்டில் பேசுவது எல்லோருக்கும் குறைந்த செலவு. வெறும் 'பிடிக்கல' என்று போனால் தோற்பீர்கள். எதற்கு மாற விரும்புகிறீர்கள், அதில் எப்படிச் சேர்வது, எத்தனை காலம் கூடும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை, இது மற்றவர்களுக்கும்தான். படிப்பு மட்டுமில்லாமல் தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், முன்பு ஆசையாகச் செய்தது எதுவுமே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். அங்கே அட்டவணை உதவாது.

காலை 4 மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார் அப்பா. எனக்கு இரவில்தான் ஓடுகிறது. யார் சரி?
— இரண்டாம் ஆண்டு மாணவர்

அப்பாவுக்கு அவர் உடம்பு சொல்வது சரி, உங்களுக்கு உங்களுடையது. பதின்ம வயதில் உடல் கடிகாரம் பின்னுக்குப் போய், 20 வயதை ஒட்டி அதிகபட்சத் தாமதத்தை அடைந்து, பிறகு மெல்ல முன்னால் வர ஆரம்பிக்கிறது என்று டில் ரோனபெர்க் என்ற ஜெர்மன் ஆய்வாளரின் குழு 2004-இல் காட்டியது. உங்கள் வயதில் இரவு ஆந்தையாக இருப்பது ஒழுக்கக்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் இரவு 2 மணி வரை படித்துவிட்டு காலை 8 மணி வகுப்பில் தூங்கினால் லாபமும் இல்லை, படித்தது பதிவதற்கும் தூக்கம் வேண்டும். முதல் வகுப்பு எத்தனை மணிக்கு என்று பாருங்கள், அதிலிருந்து கிளம்பும் நேரத்தையும் எட்டு மணி நேரத் தூக்கத்தையும் கழித்து எந்த நேரம் வருகிறதோ அதற்கு முன் புத்தகத்தை மூடிவிடுங்கள். அப்பாவிடம் மதிப்பெண் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.